கரடிக் கொட்டாய்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று விருத்தாசலத்தில் யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். கேட்பதில் தப்பில்லை, பதில் சொன்ன பிறகு நடப்பதுதான் தாங்காது. "மேப்பு போடுற வேலைங்க" என்றால், "அப்ப சர்வேயருங்களா? எங்க கொல்லையில பக்கத்துக்காரன் உள்ள தள்ளி வரப்பு போட்டுட்டான், கொஞ்சம் அளந்து குடுங்களேன்" என்பார்கள். "கம்ப்யூட்டர்ல மேப்புங்க" என்றால், "அப்ப பட்டா வாங்கித் தருவீங்களா?" மங்கலம்பேட்டையில் ஒரு கடைக்காரர், துபாயில் இருக்கும் தன் மகன் இந்நேரம் எந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறான் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். முடியாது என்றதும், இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

நான் செய்வது இவ்வளவுதான். சாதாரணத் தரவுத்தளம் பேரையும் ஊரையும் வைத்துக்கொள்ளும். என்னுடையது ஒவ்வொன்றும் பூமியில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இந்த டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் எந்தெந்தச் சூளை இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுக்கும். வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். மென்பொருள் எல்லாம் ஓபன் சோர்ஸ். உலகம் முழுக்க யாரோ எழுதி, யாரோ திருத்தி, எல்லாருக்கும் சும்மா கொடுத்தது. அதே மாதிரி ஒரு பொது வரைபடமும் இருக்கிறது. அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், யார் வேண்டுமானாலும் தூர் வாரலாம். சும்மா கிடைப்பதால் எங்கள் வீட்டுக்காரருக்கு அதன்மேல் மதிப்புக் கிடையாது.

அவருக்குச் செராமிக் ஏரியாவில் ஒரு சின்னக் கம்பெனி. பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்கிறார். வருஷம் முழுக்க ஒரே அச்சு, ஒரே வெள்ளை. அவருடைய தங்கை, என் நாத்தனார், அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது நல்லூரில். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். விரலில் நல்ல வித்தை இருந்தது. அந்த விரலை வைத்துக்கொண்டு ஃபியூஸ் கட்டைக்குப் பிசிர் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஒரு கண்ணுண்டா, மூக்குண்டா அண்ணி? நாளெல்லாம் பாத்தாலும் இது நம்மளப் பாக்க மாட்டங்குது" என்பாள்.

பொம்மை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "பொம்ம வருஷத்துக்கு ஒரு தடவ போவும். ஃபியூஸு தெனம் எரியும்."

கடைசியில் அவளே துணிந்து, செராமிக் ஏரியாவின் கடைசி வரிசையில் காலியாகக் கிடந்த ஒரு கொட்டாயை வாடகைக்குப் பிடித்தாள். அண்ணனிடம் ஒரு வாக்கும் கொடுத்தாள். "இந்த வருஷம் கொலுவுக்கு என் பொம்ம போவலன்னா கொட்டாய வுட்டுட்டு ஃபியூஸுக்கே வந்துடுறேன். அதுக்கப்புறம் பொம்மன்னு வாயத் தொறக்க மாட்டேன்." அவர் சரி என்று தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஃபியூஸ் போன மனுஷன் மாதிரி சிரிக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். கம்பெனி வாசலாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

பொம்மை அருமையாக வந்தது. ஆள்தான் வரவில்லை. கொலு பொம்மை வாங்க வெளியூர் வியாபாரிகள் ஆடி, ஆவணியில் வருவார்கள். வருகிறவர்கள் ரோட்டோரக் கடைகளிலேயே வண்டியை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கடைசி வரிசை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. போனில் இருக்கும் வரைபடங்களும் ரோட்டோரத்தோடு நின்றுபோயிருந்தன. அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தெந்த ஊர்க் குழாயையோ மின்கம்பத்தையோ வரைந்துகொண்டிருக்கிறேன், சொந்த நாத்தனாரின் கொட்டாய் சாம்பலில் கிடக்கிறது! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு செராமிக் ஏரியா முழுக்கச் சுற்றினேன். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்று போனில் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எடுத்தோம். நான் எடுக்க எடுக்க அவள் கம்பெனிப் பேரையும் அந்த இரண்டு எண்களையும் தன் போனில் தட்டிக்கொண்டே வந்தாள். வழி கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் இடது, வலது சொல்ல மாட்டார்கள். "கெழக்கால போயி, அந்தச் சூளையத் தாண்டி வடக்கால திரும்புங்க" என்பார்கள். மேகமூட்டமான நாளில் கிழக்கு எது என்று கேட்டதற்கு ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான மேப்பு போடுறீங்க?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் ஏற்றி வரைபடத்தைத் திறந்தேன். விருத்தாசலம் காலியாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. வெயிலில் நாள் முழுக்க அலைந்ததெல்லாம் எங்கே போயிற்று? உலகம் முழுவதும் தெரியும் வரைக்கும் படத்தைச் சுருக்கினேன். நார்வேக்கும் மேலே, வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஒரு தீவில் மஞ்சளாக ஏதோ மின்னியது. பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் செராமிக் ஏரியா! அத்தனை கம்பெனியும் பனிப்பாறை மேல், கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்தத் தொழிலில் இதைச் செய்யாத ஆள் கிடையாது. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் 'அட்சரேகை, தீர்க்கரேகை' என்று அந்த வரிசையில்தான் படித்தோம். வாய் அப்படியே பழகிவிட்டது. தரவுத்தளத்துக்கோ தீர்க்கரேகையை முதலில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் கொண்டுபோய் எங்கேயாவது வைத்துவிடும். எங்கள் ஊருக்கு அட்சம் பதினொன்றரை, தீர்க்கம் எழுபத்தொன்பது சொச்சம். மாற்றிப் போட்டால் நேரே பனிக்கரடி நாடு.

"தீர்க்கம்தான் முதல்ல! அட்சம் அப்புறம்! எத்தன வருஷமா பாக்குற வேல, இன்னுமா புத்தியில ஏறல?" என்று எனக்கு நானே சத்தமாகத் திட்டிக்கொண்டே சரிசெய்து, பொது வரைபடத்திலும் சேர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அதையெல்லாம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணி, அந்த ஊர்ல என்ன இருக்குது?" என்று கேட்டாள். பனிக்கரடியின் படத்தைக் காட்டினேன்.

கரடியை ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்குப் பெயிண்டே தேவயில்ல அண்ணி. வெள்ள கிளேஸ் பூச்சு குடுத்துட்டு, கறுப்புல கண்ணு ரெண்டு, மூக்கு ஒண்ணு. வேல முடிஞ்சுது" என்றாள்.

அடுத்த சூளை இறங்கியபோது என் மேசைக்கு ஒரு கரடி வந்து சேர்ந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் டீ கிளாஸ் வைத்திருந்தது. அங்கே குளிருமே என்று டீ கொடுத்தாளாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மிச்சக் களிமண்ணில் இன்னும் சில கரடிகள் செய்து கொட்டாய் ஜன்னலில் வைத்திருந்தாள்.

ஆவணி பிறந்தது. அவள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த பொம்மைப் படங்கள் கைமாறிக் கைமாறித் திருச்சியில் ஒரு வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தன. அவர் இவளை போனில் கூப்பிட்டு, நாளை மினி லாரியோடு வருகிறேன், இடத்தை அனுப்புங்கள் என்றார். வாராதுபோல வந்த மாமணி. அப்போது அவள் நல்லூரில் தன் வீட்டில் இருந்தாள். கொட்டாயின் எண்கள் அவள் போனிலேயே இருந்தன. அதை அப்படியே அனுப்பியிருந்தால் கதை இல்லை. ஆனால் அவள் என் நாத்தனார். அண்ணி தொண்டை கிழியக் கத்திய பாடம் நினைவுக்கு வந்தது. தீர்க்கம்தான் முதலில், அட்சம் அப்புறம். பொறுப்பாக இரண்டு எண்ணையும் இடம் மாற்றி அனுப்பிவிட்டாள். தரவுத்தளத்துக்குத்தான் அந்த வரிசை, போனில் இருக்கும் வரைபடத்துக்கு அட்சம்தான் முதலில் என்பதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. இரண்டுக்கும் எதற்கு இரண்டு வழக்கம் என்று கேட்காதீர்கள். எங்களுக்குள்ளேயே அதற்கு அடிதடி நடக்கிறது.

மறுநாள் காலை வியாபாரி வேப்பூரில் வண்டியை நிறுத்தி, இட்லி சாப்பிட்டுவிட்டு, அந்த எண்களைத் தட்டியிருக்கிறார். உடனே, கொட்டாயில் காத்திருந்த இவளுக்குப் போன். "எம்மா, நீங்க விருத்தாசலம்தான? கடலக் காட்டுது, பனியக் காட்டுது, போறதுக்கு வழியே இல்லன்னு சொல்லுது. எனக்கு நேரமில்லம்மா, நான் ரோட்டோரத்துலயே பாத்துக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ரெண்டு மணி நேரம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அவள் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, நான் வடதுருவத்துல இருக்கேனாம்!"

என்ன அனுப்பினாய் என்று படிக்கச் சொல்லிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றார். அவருக்குப் பதில் சொல்ல அது நேரமில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன்.

திருச்சி வண்டி ரோட்டோரக் கடை வாசலில் நின்றிருந்தது. பாதிக்குமேல் பொம்மை ஏறிவிட்டது. வியாபாரி வைக்கோலை அணைகொடுத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பனி ஊரு இங்கதாங்க இருக்குது, எம் பின்னாடி வாங்க" என்றேன். அவருக்கு மனசே இல்லை. நான் நகர்கிறவளும் இல்லை. வண்டி அங்கேயே நிற்க, என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, குழிக்குக் குழி திட்டிக்கொண்டே வந்தார்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மைகளை அடுக்கி வைத்திருந்தாள். கல்யாண செட், தசாவதாரம், செட்டியார் கடை. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா இதெல்லாம் அங்கயே ஏத்திட்டனேம்மா" என்று கீழே வைத்தார். அவள் முகத்தில் ஃபியூஸ் கட்டை தெரிந்தது.

வாசலுக்குத் திரும்பியவர் ஜன்னலைப் பார்த்து நின்றார். "இது என்ன?"

"நீங்க மேப்புல பாத்தீங்கல்ல சார், அந்த ஊரு கரடிங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் கரடியைப் பார்த்தார். அதன் கையில் இருந்த டீ கிளாஸைப் பார்த்தார். தன் போனை எடுத்து அந்தப் பனிப்பிரதேசத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கொட்டாய் அதிரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் வியாபாரி ஆகிவிட்டார். "கொலுவுல பசங்க பார்க் கட்டுவாங்க. புதுசா என்ன இருக்குதுன்னுதான் கேப்பாங்க. இது யாருகிட்டயும் இல்ல. ஒரு டீக்கடை, சுத்தி ஏழெட்டு கரடி, டீ ஆத்துறதும் கரடி. செட்டா செஞ்சு குடுப்பியாம்மா? நவராத்திரிக்கு முன்ன வேணும்." ஜன்னலில் இருந்ததையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டுதான் ஸ்கூட்டரில் ஏறினார்.

அதன் பிறகு நவராத்திரி வரைக்கும் எங்கள் குடும்பமே கரடிமயம். அவளுடைய சின்னச் சூளை போதாமல் அண்ணன் சூளையிலும் இடம் கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவே கரடிகள் டீ குடித்துக்கொண்டு வெந்தன. திருச்சி வண்டி ரெண்டாம் தடவை வந்தபோது நேரே கடைசி வரிசைக்கே வந்தது. கொட்டாயை விடும் பேச்சு அதோடு நின்றது.

"அண்ணி, அந்தப் பனியில இருக்குற புள்ளியையும் மேப்புல வச்சுடுங்களேன், ராசியான எடம்" என்று நாத்தனார் கெஞ்சினாள். முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பொதுக்கிணற்றில் பொய்யைப் போடக்கூடாது. அதற்குப் பதிலாக அவள் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கரடியை உட்கார வைத்தாள். ஒரே துண்டாகச் சூளையில் ஏறாதென்று துண்டு துண்டாகச் சுட்டு ஒட்டியது. உச்சி வெயிலில் அது டீ கிளாஸோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

போன வாரம் எங்கள் கம்பெனிக்கு மண் ஏற்றி வந்த லாரிக்காரர் வழி தெரியாமல் போன் செய்தார். வீட்டுக்காரர் ஃபியூஸ் கட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வழி சொன்னார். "நேரா வாங்க. கரடிக் கொட்டாய்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதுக்கு மேக்கால ரெண்டாவது கம்பெனி நம்மளுது."

சொல்லி முடித்துவிட்டுத்தான் நான் நிற்பதைப் பார்த்தார். நான் நேரே வீட்டுக்குப் போய்ப் பொது வரைபடத்தைத் திறந்து, என் நாத்தனாரின் புள்ளிக்கு ஊர் வைத்த பேரையே எழுதினேன்.