கமிட்டி பூட்டிய வயலின்

பதினோரு வருடம் நான் வாசித்த வயலினுக்கு எங்கள் சபையில் யாரும் மரியாதை கொடுத்ததில்லை. புதுக்கடைப் பக்கம் இருக்கும் எங்கள் ஆலயத்தின் பின்னறையில், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் கொடிக்குக் கீழே உறையில்லாமல் கிடக்கும். ஒருமுறை அதற்குள் குளவி கூடு கட்டியது. கழுத்துப் பகுதி விட்டுப்போனபோது, கட்டில் செய்யும் ஆசாரி ஒருவர் பசை தடவி மூன்று நாள் கயிற்றால் கட்டிவைத்துத் தந்தார். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். ஞாயிறுதோறும் அதைத் தோளில் வைத்துக் கீர்த்தனை வாசிப்பேன். நான் சுமாராக வாசிப்பேன், அதுவும் சுமாராகப் பாடும். எங்களுக்குள் குறையில்லை.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் செல்லோ. சபையார் அதைப் ‘பெரிய வயலின்’ என்பார்கள். வெள்ளைக்கார மிஷனரி யாரோ விட்டுப் போனது. அதை வாசிப்பவர் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஓர் அக்கா. பிறந்த வீட்டுச் சபை என்பதால் ஞாயிறு காலையில் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். ஆராதனைக்கு எவ்வளவு குளித்து வந்தாலும் புகையடித்த ஷீட்டின் மணம் கொஞ்சம் கூடவே வரும். வில்லை எடுத்துவிட்டால் அந்த மணம் நமக்கு மறந்துபோகும். அப்படி வாசிப்பார்.

ஒரு மாலை பயிற்சியின் நடுவே கரண்ட் போனது. குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர், ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுகிறவர், மொபைல் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் என் வயலினின் துளை வழியாக உள்ளே விழுந்தது.

“டீச்சரே, உள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, பாத்தியளா?”

பார்த்திருக்கிறேன். ஏதோ கடைச் சீட்டு என்று விட்டுவிட்டேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். முந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒரு கைவினைஞரின் பெயர் அது. வயலின் என்ற சொல்லைத் தெரிந்தவர்கள் அவர் பெயரையும் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கேயே போனில் தேடி, அவர் கையால் செய்தவை எத்தனை கோடிக்கு ஏலம் போயின என்று உரக்கச் சொன்னார். பெண்கள் வரிசையில் ஒருவர் “கர்த்தாவே!” என்றார். அன்று நாங்கள் பாடிய எந்தப் பாட்டிலும் அவ்வளவு பக்தி இல்லை.

குவைத்காரர் வயலினை என் கையிலிருந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மறுநாளே கமிட்டி கூடியது. திருவிருந்துப் பாத்திரங்கள் இருக்கும் ஸ்டீல் அலமாரியில் வயலினை வைத்துப் பூட்டினார்கள். மூன்று பூட்டு: போதகருக்கு ஒரு சாவி, செயலருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று. மூவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது தீர்மானப் புத்தகத்தில் ‘பாதுகாப்பு கருதி’ என்று பதிவாயிற்று.

நான் எதை வாசிப்பது என்று கேட்டேன்.

“இனி அத வாசிக்கப் பிடாது டீச்சரே. வாசிச்சா தேயும்” என்றார் செயலர். ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர். எதையும் பூட்டிவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எனக்கு ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் புது வயலின் ஒன்று வாங்கித் தந்தார்கள்.

அடுத்த இரண்டு மாதங்களில் சபையின் குடும்பங்களுக்கெல்லாம் பூட்டனின் ஞாபகம் வந்தது. “எனக்க பூட்டன் தந்ததாக்கும்” என்று நான்கு வீட்டார் மனு கொடுத்தார்கள். அதில் ஒருவரின் பூட்டன் கப்பலில் வேலை பார்த்தாராம். இன்னொருவரின் பூட்டன் கையில் ஒரு துரை அதைக் கொடுத்துவிட்டு உயிரை விட்டாராம். விற்றுக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டமும், விற்காமல் அதற்கென்று ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று இன்னொரு கூட்டமும் ஆலய வாசலில் தனித்தனியாக நிற்க ஆரம்பித்தன. போதகர் மாறுதலுக்கு எழுதிப் போட்டார்.

நானும் யோக்கியமில்லை. ஆசிரியர் அறையில் கேட்டவர்களிடம், “அந்த நாதமே தனி, எனக்கு அப்பவே தெரியும்” என்றேன். குளவிக்கூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆனாலும் மனசு அரித்தது. குவைத்காரர் போனில் எடுத்திருந்த சீட்டின் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் நகல் என்று பொருள்படும் ‘காப்பி’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. செயலரிடம் காட்டினேன்.

“ஒரிஜினல் காப்பியாக்கும் டீச்சரே. ரேஷன் கார்டுக்கும் அப்படித்தானே கேப்பாவ?”

விற்பதானாலும் வைத்திருப்பதானாலும் ஒரு நிபுணரின் சான்று வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்ததால், திருவனந்தபுரத்தில் வித்வான்களின் வயலின்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்தார்கள். நல்ல மழையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். கமிட்டி முழுவதும் சூழ்ந்து நிற்க, சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், விரலால் தட்டினார், முகர்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“இது ஃபேக்டரி சாதனம். ஜெர்மனியில பண்ணி, இந்தச் சீட்டு ஒட்டி, கட்டுக்கட்டா அனுப்பியிருக்கு. ஒரு நூறு வருஷம் இருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்குக் கொள்ளாம், அவ்வளவுதான்.”

“கொஞ்சம் நல்லா பாருங்கோ” என்றார் செயலர்.

“நல்லாத்தான் பார்த்தது.”

அவரைச் சாயா குடிக்க வைத்துவிட்டு, கமிட்டி தனியாகக் கூடியது. வெளியே வந்தபோது எல்லோர் முகத்திலும் தெளிவு இருந்தது. “பாத்தியளா, வெலையை அடிச்சுத் தாழ்த்தப் பாக்கான். பொருளு ஒரிஜினலாக்கும், சந்தேகமே இல்ல” என்றார்கள். பெரியவர் அதை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மழை விடவில்லை. பெரியவர் பின்னறையில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அக்கா பயிற்சிக்கு வந்து, நனைந்த ரெயின்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செல்லோவை எடுத்தார். அதன் மேல் யாரோ குடையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாசிக்க ஆரம்பித்ததும் பெரியவர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு, “ஒண்ணு பார்க்கட்டா?” என்று கேட்டார்.

வயலினுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தவர் இதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். தலைப்பகுதியின் சுருளை விரலால் தடவினார். முதுகுப் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே சீட்டு எதுவும் இல்லை.

“இது ஒரு மனுஷன் உட்கார்ந்து பண்ணினது. நல்ல கை. ரொம்பப் பழசு. எனக்க ஆயுசில இப்படி ரெண்டு மூணுதான் கண்டிருக்கு. இதுக்கு வெளிநாட்டில என்ன கிடைக்கும்னா...”

“நிக்கட்டு” என்றார் அக்கா. “இத வாசிக்கலாம் இல்லியா?”

“வாசிக்கணும்.”

“அப்போ வேற ஒண்ணும் சொல்லாண்டாம்.”

எனக்கு அந்தத் தொகை என்னவென்று தெரிந்துகொள்ள நாக்கு நுனிவரை ஆசை. பெரியவர் கைக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு கேட்டேன்.

“அக்கா, கமிட்டிகிட்ட சொல்லிரலாமா?”

“சொன்னா என்ன செய்வாவ மக்கா? இன்னொரு அலமாரி வாங்குவாவ.”

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு முன்பு கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: வயலினுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யப் பணம் வேண்டியிருப்பதால், இடத்தை அடைக்கும் பழைய பெரிய வயலினையும் உடைந்த இரண்டு பெஞ்சுகளையும் பண்டிகை ஏலத்தில் விடுவது.

ஏலத்தன்று அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் காணிக்கையாக வந்த பலாப்பழம், பிறகு ஒரு சேவல், பிறகு செவ்வாழைக் குலை. குலைக்கு, விடுமுறையை நீட்டிக்கொண்டிருந்த குவைத்காரரும் ஒரு டாக்டரும் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். அடுத்து செல்லோ வந்தது. அக்கா கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், “வெறகுக்கா, அக்கா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வாழைக்குலையில் பாதி விலைக்கு முடிந்தது. செயலர், பெஞ்சுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி அக்காவிடம் கெஞ்சினார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து சபையை ஏமாற்றினோமா, சபை தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டதா? கணக்கு டீச்சரான எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை சரியாக வரவில்லை. இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “எழுது மக்கா. நம்ம கமிட்டியில ஆரு புஸ்தகம் வாசிக்கா?” என்றார்.

செல்லோ இப்போது குலசேகரத்தில் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஷீட் ஏற்றும் ஜீப்பில், மெத்தை சுற்றி ஆலயத்துக்கு வருகிறது. வயலின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் முதல் கோடையிலேயே ஆசாரி ஒட்டிய கழுத்து தானாகக் கழன்று விழுந்தது. பழமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று செயலர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

திருவனந்தபுரத்துப் பெரியவர் வருடத்துக்கு ஒருமுறை செல்லோவைச் சரிபார்க்க வருவார். அன்று முழுவதும் செயலர் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காப்பார். போன முறை சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. பின்னறையில் அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு பெரியவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்காமல் ஒரு தட்டு செயலருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணைப் பின்னறைக் கதவிலிருந்து எடுக்காமலே வாங்கிக்கொண்டார்.

“அவன் பெயிட்டானா டீச்சரே?”

“இல்ல சார். இப்பத்தான் கம்பி மாத்துகாரு.”

“நீங்க அவனுக்கக்கூடயே நில்லுங்கோ” என்றார், வாயில் மரச்சீனியோடு. “ஒரு கண்ணு வச்சுக்கிடணும்.”