வலது காலில் எண்ணெய்க் கறை

அப்பாவின் இடது கணுக்கால் மடங்காது. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு லாரிச் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. நடப்பார், படியேறுவார், மணிக்கணக்கில் நிற்பார். பாதத்தை மட்டும் மேலே தூக்க வராது. இன்று கடையில் விற்கும் மோட்டார் சைக்கிள்களில் கியரை இடது காலால்தான் போட வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். பிரேக்குக்குப் பாதம் மடங்க வேண்டியதில்லை, முழுக்காலையும் இறக்கினால் போதும். எங்கள் வீட்டில் அந்த வண்டி இருப்பதற்குக் காரணம் இதுதான். சத்தத்துக்காகவோ மீசைக்காகவோ அப்பா அதை வாங்கவில்லை.

என் ஸ்கூட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒருமுறை எடுத்துப் போனார். ஆமத்தூரிலிருந்து அவர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி கரிசல் மண். முதல் நாள் மழை பெய்திருந்தது. சின்னச் சக்கரம் சேற்றில் வழுக்கி, ஸ்கூட்டரும் அவரும் சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பா அங்கே போர்மேன். வேலையாட்கள் கம்பெனி வேனில் ஏழரைக்கு வந்து இறங்குவார்கள். அதற்குள் எல்லா அறைகளையும் திறந்து பார்த்து முடிக்க வேண்டும். தரையில் விரித்த ரப்பர் பாயில் ஈரம் இருக்கிறதா, முந்தின நாள் மருந்து எங்காவது சிந்திக் கிடக்கிறதா, அறைக்குள் வெக்கை தங்கியிருக்கிறதா, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் கை வைத்துவிட்டு உள்ளே நுழையும் செம்புத் தகடு கழன்றிருக்கிறதா. கடைசியாக, உள்ளே நின்று ஒருமுறை மோந்து பார்ப்பார். மருந்து என்று நாங்கள் சொல்வது பட்டாசுக்குள் போகும் கலவையை. பதினாறு வருடங்களாகச் சாவிக்கொத்து அவரிடம்தான். அதற்காக ஆறேகாலுக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இந்த வருடம் சீசன் சூடு பிடிக்கத் தொடங்கிய நேரத்தில், இரண்டாவது கியரில் வண்டி கத்தத் தொடங்கியது. “ஆடு கத்துற மாதிரி கத்துதும்மா” என்றார் அப்பா. நான் பொறியியல் படித்தவள். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. எந்த மெஷினில், எந்த இடத்துக்கு, என்ன எண்ணெய், எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நானே கட்டம் போட்டு எழுதிய அட்டவணை அங்கே சுவரில் தொங்குகிறது. அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் ஒரு கியர் கத்துவதை விட்டுவைப்பேனா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புல்லட்டில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு, இரண்டும் தனித்தனி. எங்கள் கியர் பெட்டிக்குள் இருந்தது கிரீஸ். சக்கரத்துக்குப் போடும் கிரீஸில் கொஞ்சம் என்ஜின் ஆயிலை விட்டுக் குழப்பி அப்பாவே ஊற்றியிருந்தார். ஊற்றிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். ஆயில் பிரிந்து போய்விட்டது. மிச்சமிருந்த கெட்டி கிரீஸைப் பற்சக்கரங்கள் சுவரோடு ஒதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் தோண்டிய பள்ளத்தில் காய்ந்து போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. கத்தாமல் என்ன செய்யும்?

ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, எங்கள் ஊர் வெயிலுக்கு எண்ணெய் நீர்த்துவிடக் கூடாது. அதனால் தொண்ணூறு நம்பர். இரண்டு, பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் தாங்க வேண்டும். அதனால் கந்தகச் சரக்கு சேர்த்த கியர் ஆயில். மூன்று, உள்ளே தண்டைத் தாங்கும் வெண்கல வளையம், அதாவது புஷ், இருக்கிறது. கார் ஆக்சிலுக்குப் போடும் ஜி.எல். ஐந்து என்ற ரகத்தில் கந்தகம் அதிகம், நாளடைவில் அது வெண்கலத்தை அரிக்கும், அதனால் ஜி.எல். நான்கு. தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

“இம்புட்டு இருக்கா இதுல?”

“இருக்குப்பா. கிரீஸ்ங்கிறது பேரிங்குக்கு. கியர் பெட்டிக்கு ஆயில்தான்.”

“அப்ப ஊத்து” என்றார்.

விருதுநகர் பஜாரில் லூப்ரிகண்ட் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். பருப்பு மண்டிகளுக்கும் எண்ணெய்க் கடைகளுக்கும் நடுவில் அவர் கடை. “விருதுநகர்ல வந்து எண்ணெய்னு கேக்குறவுக எல்லாம் நல்லெண்ணெய்தான் கேப்பாக. நாத்தம் புடிச்ச எண்ணெயத் தேடி வர்றது நீங்க ஒருத்தருதாம்மா” என்றபடி ஜி.எல். நான்கு டப்பாவை எடுத்து வைத்தார். பழைய கிரீஸை வழித்தெடுத்து, டீசல் விட்டு அலசி, புது எண்ணெயை அளந்து ஊற்றினேன். கத்தல் நின்றது. கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தது. அன்று மாலை அப்பா தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அப்பா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். “போற வழியிலே குடுத்துட்டுப் போயிரு” என்று அம்மா அதை என் ஸ்கூட்டரில் மாட்டிவிட்டாள். கம்பெனி கேட்டுக்கு நூறு அடிக்கு முன்னால் ஒரு வேப்பமரம் உண்டு. வண்டிகளை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் எதுவும் போகக் கூடாது. நான் போனபோது எட்டு மணி ஆகப்போகிறது. அப்பா மரத்தடியில் ஒரு கல்லில், கைலியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய பேண்ட் கிளையில் தொங்கியது. பக்கத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தார்.

“வாம்மா இஞ்சினியரு” என்றார் வாட்ச்மேன். “உங்க அப்பாவ உள்ள விடல. போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பாரு.”

கேட் ஓரத்துப் பலகையில் சிவப்பு எழுத்தில் வரிசையாக விதிகள். நான்காவது: எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் உள்ளே வராதீர்.

“அத எழுதுனது யாரு தெரியுமா? அண்ணாச்சிதான். பெயிண்டு வாங்கிக் குடுத்தது நானு. போன சீசன்ல என் மச்சினனையே இதச் சொல்லித் திருப்பி அனுப்புனாரு. இன்னிக்கு அவரே மாட்டிக்கிட்டாரு.”

“ஏலே, சும்மா கெட. புள்ள வந்திருக்குல்ல” என்றார் அப்பா.

கிளையில் தொங்கிய பேண்டைப் பார்த்தேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வண்டியருகே குனிந்து, கிக்கர் கம்பி கியர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் விரல் வைத்தேன். ஈரம். மோந்து பார்த்தேன். கந்தகம்.

“எத்தனை நாளாப்பா?”

“ஊத்துன மறுவாரத்துலருந்து. ஓட்டுறப்ப கொஞ்சம் வழியும்மா, அம்புட்டுதான். ஒரு பேண்டு கூடக் கொண்டாந்து இந்த மரத்துக்குப் பின்னால மாத்திக்கிடுவேன். நேத்து அவுத்தது பையிலயே கெடந்திருக்கு. அதுமேலயே நல்லதையும் திணிச்சுட்டேன். இன்னிக்கு ரெண்டுலயும் கறை.”

“அம்மாவுக்கும் தெரியாதா?”

“அவளுக்கு எப்படித் தெரியும்?”

உண்மைதான். வேறு வீடாக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கியர் ஆயிலின் வாடை கந்தக வாடை. எங்கள் வீட்டிலோ முப்பது வருடமாக அப்பா உள்ளே வந்தாலே அந்த வாடைதான். அலுமினியப் பொடி படிந்து அவர் துணிகள் எப்போதும் கறுத்துத்தான் கிடக்கும். அம்மா கம்பெனி அழுக்கு என்று நினைத்துத் துவைத்திருக்கிறாள். அந்தத் துணிகளைக் கொடியில் காயப் போட்டவள் நான். எனக்கும் உறைக்கவில்லை.

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“நீ தாளு எழுதி, பஜாருக்குப் போயி, ஒரு ஞாயித்துக்கிழமையே அதுக்குக் குடுத்த. உங்க அம்மா ரசத்தையே நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

வாட்ச்மேன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மேனேஜர் சொன்னதை அதன் பிறகுதான் சொன்னார். இன்று சாவியை இன்னொரு போர்மேன் வாங்கிப் போய் அவசர அவசரமாக அறைகளைத் திறந்திருக்கிறார். இனி அப்பாவும் எல்லாரையும்போல வேனில் வந்துவிட வேண்டியது, சாவி அந்தப் போர்மேனிடமே இருக்கட்டும் என்று பேச்சு. வண்டியில் கறை படாமல் வருகிறாரா என்று திங்கட்கிழமை மட்டும் ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“வேன்ல வந்தா என்னப்பா? கால் வலியும் மிச்சம்.”

“வேன்ல வந்தா நானும் அவுகளும் ஒண்ணா எறங்குவோம். நான் கால் வைக்காத ரூம்ல எப்படிம்மா ஒருத்தர உள்ள போயி உக்காருன்னு சொல்லுவேன்?”

தூக்கைக் கொடுத்துவிட்டு பிரஸ்ஸுக்குப் போனேன். கோபம் வந்தது அந்தத் தாள் மேல்தான். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் சரி. ஒரு கட்டம் இல்லை: அந்த எண்ணெயை உள்ளே பிடித்து வைப்பது எது? எங்கள் மெஷின்களில் ஏறக்குறைய எல்லாக் கியர் பெட்டிகளுக்கும் ரப்பர் சீல் இருக்கிறது. அப்படி ஒரு கட்டம் போட எனக்குத் தேவையே வந்ததில்லை. அந்தப் பழைய பெட்டியின் கிக்கர் தண்டைச் சுற்றிச் சீல் கிடையாது. கிரீஸ் ஊற்றுவதாக நினைத்துச் செய்த பெட்டி. கெட்டியாக நிற்பது தானே வழியாது என்று விட்டுவிட்டார்கள்.

மதியம் சுவரில் தொங்கிய என் அட்டவணை முன்னால் போய் நின்றேன். பேப்பரைத் தள்ளிவிடும் பகுதியில் சீல் இல்லாத ஒரே ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்கு நேராக என் கையெழுத்திலேயே இருந்தது: டபுள் ஜீரோ கிரீஸ். கிரீஸில் சைபர் கூடக் கூட இளக்கம் கூடும். டபுள் ஜீரோ சும்மா இருக்கும்போது கேப்பைக் கூழ் மாதிரி நிற்கும், பல் சுற்றினால் விலகும், உடனே திரும்பி வந்து மூடிக்கொள்ளும். கெட்டி கிரீஸ் போலப் பள்ளம் விழாது, எண்ணெய் போல ஓடவும் ஓடாது.

மறுநாள் மறுபடியும் பாய் கடை. விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“புல்லட்டுக்கா அன்னிக்கு வாங்குனீக? நான் ஏதோ பிரஸ்ஸுக்குன்னுல்ல நெனச்சேன். நீங்களும் சொல்லல, நானும் கேக்கல.” உள்ளேயிருந்து ஒரு வாளியைத் தூக்கி வந்தார். “தீப்பெட்டி மெஷினுக்கும் பிரிண்டிங் மெஷினுக்கும் இதுதான் போகுது. உங்க அப்பா வீட்டுல கொழப்புனதத்தான் இவன் வாளியில அடச்சு விக்கிறான்.”

அது பாதிதான் உண்மை. அப்பா குழப்பியது பிரிந்துவிடும், இது பிரியாது. ஆனால் நான் அன்று விவாதிக்கும் நிலையில் இல்லை. வாளியின் பின்பக்கத்தில் வெண்கலம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் இரண்டு தடவை படித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை எண்ணெயை வடித்தோம். வாளியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து இளக்கி, புனல் வழியாக மெதுவாக ஊற்றினேன். அப்பா புனலைப் பிடித்துக்கொண்டார். அம்மா வாசலில் நின்று, “எனக்குத் தெரியாம மூணு வாரம் பேண்டு மாத்தியிருக்காக. நல்ல குடும்பம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வரியைச் சொல்வதற்காக அவள் அன்று நான்கு தடவை வெளியே வந்தாள்.

பிறகு அப்பாவின் பின்னால் உட்கார்ந்து ஆலங்குளம் வரை போய்த் திரும்பினேன். அந்தப் பாதையை வேண்டுமென்றே எடுத்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் போகிற ரோடு. போய்வந்தால் வண்டி முழுக்க வெள்ளைப் புழுதி படியும். ஈரம் இருக்கும் இடத்தில் புழுதி ஒட்டி அப்பிக்கொள்ளும், காய்ந்த இடத்தில் ஊதினால் பறக்கும். வீட்டுக்கு வந்ததும் கிக்கர் பக்கம் குனிந்து ஊதினேன். பறந்தது. இடது பக்கம் செயின் அருகில் ஒரு கடுகளவு ஈரம் அப்பியிருந்தது. அது காலைத் தொடாத இடம். அதையும் எழுதி வைத்தேன். இரண்டாவது கியர் லேசாக முனகியது, கத்தவில்லை.

திங்கட்கிழமை நானும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு கேட் வரை நடந்தார். பையில் மாற்றுப் பேண்ட் இல்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார். பிரஸ்ஸில் வெட்டி ஒதுக்கிய வெள்ளைத் தாள் ஒன்றை வாட்ச்மேனிடம் நீட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து, அப்பாவின் வலது காலில் மேலிருந்து கீழாகத் தாளை அழுத்தித் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் ரோட்டுப் புழுதி. வேறொன்றும் இல்லை.

“என்னலே, உள்ள விடலாமா?” என்றார் அப்பா.

“போர்டு எழுதுனவரு சொன்னா விட்டுறலாம்” என்று சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார் வாட்ச்மேன்.

அப்பா உள்ளே போனார். எனக்கு ஷிப்ட்டுக்கு நேரம் இருந்தது, கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். அவர் இடது காலை விறைப்பாக வைத்து வைத்து ஒவ்வொன்றாக நடந்து போவது தெரிந்தது. கதவைத் திறப்பார், தகட்டில் கை வைப்பார், உள்ளே மறைவார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து கதவை விரியத் திறந்து கொக்கி மாட்டுவார். கொக்கி மாட்டினால் அந்த அறை சரி. மூன்றாவது அறைக்குள் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்து, ஈர ரப்பர் பாய் ஒன்றை உருட்டித் திண்டில் வெயிலில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துப் போனார்.

ஏழரைக்கு வேன் வந்து நின்றது. பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி வாட்ச்மேனிடம், “அண்ணாச்சி வந்துட்டாகளா?” என்று கேட்டாள்.

“எல்லா ரூமும் பாத்து முடிச்சுட்டாரு. போங்க” என்றார் வாட்ச்மேன்.