எகிப்து ராசாவே விட்டான்

என் வீட்டுக்காரர் யூதர். மாத்தளையில் இதைச் சொன்னால், "அப்படின்னா சேர்ச்சுக்குப் போறவங்களா?" என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் "ஆமா, ஒரு மாதிரி" என்று விட்டுவிட்டேன். மிளகு வாங்க வந்த மனுஷன் அவர். எங்கள் மாவட்டத்து நாலந்தாவுக்குப் பக்கத்தில் என் அண்ணன்மார் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தைப் பார்க்க வந்து, என்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தமிழை என்னிடம்தான் படித்தார். மரியாதையாகப் பேசவேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தேன், அன்றிலிருந்து நாயைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்றுதான் கூப்பிட்டார்.

சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். அடுப்புப் பற்றவைக்கமாட்டார், வேனைத் தொடமாட்டார். பகல் சாப்பாடு முடிந்ததும் தோராவை எடுத்துக்கொண்டு உட்காருவார். அது அவர்களுடைய வேதம். வாரத்துக்கு ஒரு பகுதி என்று வாசித்து, ஒரு வருடத்தில் முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். எந்த ஊரில் இருந்தாலும் அந்த வாரம் அவர்கள் எல்லோருக்கும் அதே பகுதிதான். எங்கள் பக்கத்தில் வாசிக்க அவர் ஒருவர், கேட்க நான் ஒருத்தி. வாசித்ததைத் தமிழில் சொல்லுவார். நான் லேசில் விடமாட்டேன். "சரி, இதுல நம்ம வீட்டுக்கு என்ன இருக்கு?" என்பேன். எதையாவது தேடிச் சொல்லியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்கில் இருக்கிற பிளேன்டீ அவருக்குக் கிடையாது.

வெயிலில் வந்த அந்நியர்களைக் கண்டு ஒரு பெரியவர் கூடாரத்திலிருந்து ஓடிப்போய் வரவேற்கிற பகுதியை வாசித்த வாரம், கலேவெலவிலிருந்து வந்த லொறிக்காரர்களை இவரும் ஓடிப்போய் வரவேற்றார். அவர்கள் பயந்தே போனார்கள். குடில் திருநாள் வந்தால் முற்றத்தில் தென்னோலையால் ஒரு குடில் போட்டு ஏழு நாளும் அதில்தான் சாப்பாடு. மேலே பார்த்தால் நட்சத்திரம் தெரியவேண்டுமாம். ஐப்பசி மழையில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? ரசத்தில் மழைத்தண்ணீர்தான் விழுந்தது. "கூரை நிரந்தரம்னு நெனைக்கக்கூடாது, அதுக்குத்தான் இது" என்றார். "ஒழுகுற தோட்டத்து லயத்துல பொறந்தவளுக்கு இதை நீங்க சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். நனைந்துகொண்டே சிரித்தார்.

மார்கழியில் ஒரு பகுதி வரும். எகிப்தில் சாகக் கிடக்கிற ஒரு கிழவர், அந்த நாட்டு ராசாவிடம் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற மகனைக் கூப்பிடுகிறார். தன் தொடைக்குக் கீழே கை வைத்து, என்னை என் முன்னோரோடு புதைப்பாய் என்று சத்தியம் செய்யச் சொல்கிறார். அந்தப் பகுதி வருகிற சனிக்கிழமையெல்லாம் இவரும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னிடம் சத்தியம் கேட்பார். எரிக்கக்கூடாது. குளிப்பாட்டி, வெள்ளைத்துணி சுற்றி, தாமதிக்காமல் மண்ணில் வைக்கவேண்டும். "தொடைக்குக் கீழெல்லாம் கை வைக்கமாட்டேன், வெட்கக்கேடு. எங்க வழக்கப்படி கையில அடிச்சுத் தர்றேன்" என்று அடித்துக் கொடுப்பேன். வருடா வருடம் கொடுத்தேன்.

கொரோனா வந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நோயில் செத்தவர் யாராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்பது அப்போது நாட்டில் இருந்த சட்டம்.

என்னை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். போனில்தான் அதிகாரியைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். கதையை முழுசாகச் சொன்னேன். "அந்த மகன் எகிப்து ராசாகிட்டயே போய்க் கேட்டான் சார். ராசா அவங்க ஆளும் இல்ல, அவங்க சாமியைக் கும்பிடறவனும் இல்ல. சத்தியம் பண்ணிட்ட, போய்ப் புதைச்சிட்டு வான்னு அவனே விட்டான் சார்." நடுவில் வெட்டாமல் கடைசிவரை கேட்டார். அவரும் மனுஷன்தானே. "என் கையில ஒண்ணும் இல்ல அம்மா" என்றார். மறுநாள் எரித்துவிட்டார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

சாவு விழுந்த வீட்டுக்காரர் ஏழு நாள் வெளியே போகாமல் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், ஊர் வந்து பக்கத்தில் உட்காரும். அது அவர்கள் வழக்கம். நான் வெளியே போகாமல் சட்டமே பார்த்துக்கொண்டது. தரையிலும் உட்கார்ந்தேன். ஊர்தான் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து நானா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேசுவார். முஸ்லிம்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். அவரைப் பெற்ற உம்மாவும் அதே நோயில் மௌத்தாகி, அதே சட்டத்தால் எரிக்கப்பட்டவர். "சாம்பல வந்து எடுக்கச் சொன்னாங்க தங்கச்சி. நாங்க போகல. அது எங்க உம்மா இல்ல" என்றார்.

நான் போய் எடுத்துவந்தேன். வேறு என்ன செய்வது? ஒரு சின்னச் சட்டி. அதை அலுமாரியில் வைத்துவிட்டு, பார்க்கும்போதெல்லாம் எனக்கு நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சட்டியை வைத்துக்கொண்டு இருக்கும்போதே சட்டத்தை மாற்றினார்கள். இனிப் புதைக்கலாமாம். செய்தியில் அதைக் கேட்டதும் ரேடியோவை நிறுத்தினேன். அவருடைய புத்தகத்தையும் அதன்பிறகு நான் திறக்கவில்லை. எனக்கு அதில் இனி ஒன்றும் இல்லை.

சட்டியையாவது மண்ணில் வைப்போம் என்று நானாவைக் கூப்பிட்டேன். மண்வெட்டியோடு வந்தவர், கயிறு பிடித்து ஆள் நீளத்துக்குக் கோடு போட்டு வெட்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் போனதும், "போதும் நானா. சட்டி ஒரு சாண்தானே இருக்கு" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "உம்மாவுக்கு நான் வெட்டியிருக்கணும் தங்கச்சி. வெட்ட விடுங்க" என்றார்.

நெஞ்சளவு இறங்கும்வரை வெட்டினார். நடுவில் சட்டியை வைத்தோம். ஓர் ஆள் படுக்கிற இடம் சுற்றிலும் காலியாகக் கிடந்தது. அதற்குள் மண்ணைத் தள்ளினோம்.