டாக்டர் சுடலைமுத்துவைத் தேடிப் போனது

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் பெயர் சிவபாலன். பிள்ளைகள் வளர்ந்து வீடு கொஞ்சம் ஓய்ந்த பிறகு, எனக்கும் ஒரு முனைவர் பட்டம் இருந்தால் என்ன என்று தோன்றியது. நூலகத் துறையில் நாங்கள் செய்கிற ஆராய்ச்சி வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு விஷயத்தைப் பற்றி யார் யார் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், அவர்கள் எழுதியதை யார் யார் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடுவோம். நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதயம். இதயத்தை ஸ்கேன் எடுத்து, அந்த நோயாளிக்குப் பின்னால் என்ன ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே கணிப்பது பற்றித் தென்னிந்தியாவிலிருந்து வந்த கட்டுரைகள். எனக்கு இதயமும் தெரியாது, ஸ்கேனும் தெரியாது. பெயர்களைப் பின்தொடரத் தெரியும், அவ்வளவுதான்.

அப்படிப் பின்தொடர்ந்தபோது ஒருநாள் எங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. ரொட்ரிகோ, சுடலைமுத்து என்று இருவர் எழுதிய கட்டுரை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுக்கிற எக்கோ படத்தில் வழக்கமாகப் பார்க்காத ஒன்றை அளந்தால், யாருக்குச் சிக்கல் வரும் என்று சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். போர்ச்சுகலில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். ரொட்ரிகோவைத் தங்கள் ஊர்க்காரர் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. மலேசியாவில் காட்டியிருந்தார்கள், பிரேசிலில் காட்டியிருந்தார்கள். அதே மருத்துவமனையிலிருந்து இன்னொரு சின்னக் கட்டுரையும் வந்திருந்தது. அதில் எஸ். பேச்சி என்று வேறொரு பெயர். ஆக மூன்று பேர் என்று என் கணினியில் பதிந்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களை நேரிலேயே பார்த்துவிடலாமே என்று ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனேன்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "டாக்டர் சுடலைமுத்துவைப் பார்க்கணும்" என்றேன்.

"அப்படி டாக்டர் யாரும் இங்கன இல்லையே சார். கிளைட்டன் ரொட்ரிகோ சார்தான் இதய டாக்டர். அவிய லீவு."

"இருக்கார்மா. கட்டுரையில போட்டிருக்கு."

அந்த நேரத்தில் எக்கோ அறைக்குள்ளிருந்து ஒரு பெண் கையில் ஜெல் துடைத்த துணியோடு வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். நீல நிற மேலங்கி, காதில் சின்னக் கம்மல். நாங்கள் பேசியதைக் கேட்டு நின்றவர், "யாரு, சுடலைமுத்தா?" என்றார்.

"ஆமா மேடம். தெரியுமா?"

"எங்க அப்பால்லா அது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவிய மாப்பிள்ளையூரணியில வீட்ல இருக்காவ. உப்பளத்துல வேல பாத்தவிய. டாக்டர் இல்ல."

அவர்தான் பேச்சி. கட்டுரை எழுதிய சுடலைமுத்துவும் அவரே, இன்னொரு கட்டுரையின் எஸ். பேச்சியும் அவரே. என் மூன்று பேரில் ஒருவர் அந்த இடத்திலேயே குறைந்துபோனார்.

பிறகு பல தடவை அவரைப் பார்த்திருக்கிறேன். கதை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. அப்பாவும் அம்மாவும் அளத்துக்குப் போய் உப்பு வாரினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இந்த மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கிற அறையில் உதவிக்குச் சேர்ந்தார் பேச்சி. நெஞ்சில் ஒட்டிய கம்பிகளிலிருந்து தாளில் கோடு ஓடுவதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. மதுரைக்குப் போய் இதயப் பரிசோதனைக்கான டிப்ளமோ படித்துவிட்டு, அதே மருத்துவமனைக்கு எக்கோ டெக்னீஷியனாகத் திரும்பி வந்தார். கணவர் ஜெயகணேஷ் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

எக்கோ என்பது ஒலியலையை நெஞ்சுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குவது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை பங்கு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் ஓர் எண் வரும். எங்கள் பக்கம் அதைப் 'பம்ப்பிங்' என்பார்கள். பம்ப்பிங் நன்றாக இருந்தால் ஆபரேஷனுக்குப் போகலாம். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

சில வருடங்களுக்கு முன்னால், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஒருவர் ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தார். பேச்சி எக்கோ எடுத்தார். பம்ப்பிங் நன்றாக இருந்தது. டாக்டர் கிளைட்டனும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் அந்த மனிதருக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இதயம் தாங்கவில்லை. பல நாள் ஐ.சி.யூ.வில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

"ஆனா எனக்கு மனசு கேக்கல சார்" என்றார் பேச்சி. "நாந்தானே பாத்தேன். நல்லா இருக்குன்னு அவிய பொண்டாட்டிகிட்ட சொல்லி வேற அனுப்புனேன். தெனமும் ஐ.சி.யூ. வாசல்ல அந்தக்கா உக்காந்திருப்பாவ. அவியளத் தாண்டித்தான் நான் போவணும்."

அந்தப் படங்களை மறுபடியும் திறந்து பார்த்தார். என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே பார்த்தார். பிறகு டாக்டரிடம் போய், "சார், இதுல நாம பாக்காம விட்டது ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார். டாக்டர் கிளைட்டன் மணப்பாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். எக்கோ இயந்திரத்தில் அதுவரை யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு வசதியைத் திறந்தார். இதயம் சுருங்கும்போது அதன் சுவர் நீளவாக்கில் எவ்வளவு குறுகுகிறது என்று துண்டு துண்டாக அளக்கிற முறை. ஸ்ட்ரெயின் என்று பெயர். அந்தத் தொழிலாளியின் படத்தில் அதை அளந்தபோது ரொம்ப மோசமாக இருந்தது. மொத்தத்தில் ரத்தம் சரியாகத்தான் வெளியே போயிருக்கிறது. ஆனால் சுவர் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது.

ஒருவருக்கு அப்படி இருந்ததை வைத்து எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் சம்மதத்தோடு, எல்லோருக்கும் இதை அளக்கத் தொடங்கினார்கள். மீனவர்கள், உப்பளத்துக்காரர்கள், கடைக்காரர்கள், காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சகல தரப்பும் அதில் இருந்தார்கள். அளந்ததெல்லாம் பேச்சி. அளந்ததையே பெயரை மறைத்து மறுபடியும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்ததும் பேச்சி. இரண்டு வருடம் போனது. ஸ்ட்ரெயின் குறைவாக, அதாவது சுவர் போதிய அளவு குறுகாமல், இருந்தவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம் வந்தது. அதன் பிறகு அந்த மருத்துவமனையில் நடைமுறையே மாறியது. அளவு குறைவாக இருந்தால் முதலில் இதயத்துக்கு மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன்.

கட்டுரை எழுதும்போது டாக்டர் கிளைட்டனுக்குச் சென்னையிலிருந்த ஒரு நண்பர் யோசனை சொன்னாராம். டெக்னீஷியன் பெயரைக் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் போட்டால் போதும் என்று. டாக்டர், "அவ அளக்கலன்னா எழுத என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேச்சியை இரண்டாவது ஆசிரியராகப் போட்டிருக்கிறார். சிக்கல் வந்தது ஆய்விதழின் இணையப் பக்கத்தில். பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்கள். ரொட்ரிகோவுக்குக் கவலையில்லை, பாட்டன் முப்பாட்டன் காலத்திலேயே குடும்பப் பெயர் வந்துவிட்டது. பேச்சிக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் எழுத்தும். வெறும் எழுத்தை அந்தக் கட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பா பெயரை விரித்து எழுதினார்கள். அச்சில் வந்தபோது பேச்சி ஓர் எழுத்தாகச் சுருங்கி, சுடலைமுத்து ஆசிரியராகிவிட்டார்.

இது பேச்சிக்கே தெரியாது. இரண்டாவது கட்டுரையில் ஆய்விதழ்க்காரர்கள் தற்செயலாகச் சரியாகப் போட்டுவிட்டார்கள்; அதைத்தான் வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருந்தார். முதல் கட்டுரையை வெளிநாட்டில் படிக்கிறார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னார். போனபோது சுடலைமுத்து அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பல வருட உப்பு வெளிச்சத்தில் கண் கொஞ்சம் மங்கியிருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார்.

"ஏளா, நான் படிச்சது அஞ்சாப்பு. நான் என்னத்த எழுதுனேன்?"

"நீங்க எழுதலப்பா. நான் எழுதுனதுல ஒங்க பேரு வந்துட்டு."

"அதுல எதாச்சும் தப்பு இருந்தா என்னயல்லா தேடி வருவாவ?"

ஜெயகணேஷ் சிரித்துப் புரையேறி எழுந்து போனார். தப்பு இருந்தால் யாரும் வரமாட்டார்கள், இன்னொரு கட்டுரை எழுதுவார்கள் என்று நான் விளக்கினேன். அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. "அப்பம் சரி. ஆனா ஒழைச்சது அவ. அவ பேர போடச் சொல்லுங்க" என்றார். சொன்னாரே தவிர, பிரேசில் என்பது எந்தப் பக்கம், அங்கே கடல் உண்டா என்று அன்று முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர் தூங்கப் போன பிறகு பேச்சி சொன்னார்: "அப்பா பேரு வந்ததுல எனக்கு வருத்தமில்ல சார். யாரோ ஒரு ஆம்பள டாக்டர் பாத்ததா எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காவல்ல. அதுதான் உறுத்துது."

கட்டுரையாளர்களுக்கென்று ஒரு தனி எண் தருகிற ஏற்பாடு இருக்கிறது. அதில் பதிந்து இரண்டு பெயரும் ஒருவரே என்று இணைத்துவிடலாம், ஆய்விதழுக்கும் எழுதித் திருத்தம் கேட்கலாம் என்றேன். மடிக்கணினியைத் திறந்து அங்கேயே தொடங்கினோம். அப்போது அவர் ஒன்று கேட்டார். இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

"மேற்கோள் காட்டியிருக்காவன்னு சொல்லுதீயளே, நாங்க சொன்னது சரின்னு சொல்லுதாவளா, தப்புன்னு சொல்லுதாவளா?"

எங்கள் துறையில் மேற்கோள் என்றால் மேற்கோள்தான்; திட்டினாலும் ஒன்று, பாராட்டினாலும் ஒன்று. நான் உள்ளே போய்ப் படித்ததில்லை. இருவரும் சேர்ந்து படித்தோம். பெரும்பாலானவர்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருந்தார்கள். மலேசியாவில் பினாங்குக் குழு ஒன்றுதான் உண்மையிலேயே செய்து பார்த்திருந்தது. பொதுவாகச் சரியாக வருகிறது, ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்கு இந்த அளவை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். இதைக் காட்டியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

பேச்சி அந்தப் பத்தியை மறுபடியும் படித்தார். முகம் மலர்ந்தது. "இவியதான் சார் ஒழுங்கா படிச்சிருக்காவ" என்றார்.

திங்கட்கிழமையே பழைய படங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். துடிப்பு சீராக இருக்கிறவர்களுக்கு மூன்று துடிப்பை அளந்து சராசரி எடுத்தால் போதும். தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்கும் அதே மூன்றைத்தான் எடுத்திருந்தார். அங்கேதான் பிசகு. அதிகத் துடிப்புகளை எடுத்துச் சராசரி பார்த்தபோது அளவு நிலைக்கு வந்தது. டாக்டரிடம் காட்டினார். இருவரும் பினாங்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அங்கே அளக்கிற பெண்ணும் ஒரு டெக்னீஷியன்தானாம். இரண்டு ஊர்க்காரர்களும் வீடியோவில் படங்களை வைத்துக்கொண்டு பேசினார்கள். பேச்சியின் ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வரும், ஆனால் படத்தில் விரலை வைத்துவிட்டால் மொழி தேவைப்படவில்லை என்றார்.

ஒரு வருடம் கழித்து இரண்டு ஊரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. முதல் பெயர் எஸ். பேச்சி. பழைய கட்டுரைக்கும் திருத்தம் வந்துவிட்டது. என் ஆய்வேட்டில் பெயர்கள் இப்படிப் பிரிந்துபோவதைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் சேர்த்தேன். மேற்கோள்களை எண்ணுவதோடு நிற்காமல் படித்தும் பார்த்ததால் வேலை இழுத்துக்கொண்டே போனது. என் வழிகாட்டி முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

பேச்சி இன்றும் அதே எக்கோ அறையில்தான் இருக்கிறார். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை கூப்பிட்டது. மகள் படிப்பு முடியட்டும் என்றார், பிறகு, "அங்கன போனா அப்பாக்குப் பேச ஆள் கிடையாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது ஆலந்தலையிலிருந்து ஒரு மீனவப் பெண் வந்திருந்தார். சில மாதங்களுக்கு முன்னால் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்தவர். துடிப்பு தாறுமாறாக இருந்ததால் பேச்சி பொறுமையாக நிறையத் துடிப்புகளை அளந்தாராம். ஸ்ட்ரெயின் குறைவு. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்து மருந்து கொடுத்தார். சில வாரம் கழித்துச் செய்த ஆபரேஷன் ஒரு குறையுமில்லாமல் முடிந்து, அன்று காட்டிவிட்டுப் போக வந்திருந்தார். பையில் வாளைக் கருவாடு.

"வேண்டாம்க்கா, ஆசுபத்திரியில வாங்கக் கூடாது" என்றார் பேச்சி.

"ஆசுபத்திரிக்கா குடுத்தேன்? ஒனக்குல்லா" என்று மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டார்.

அறை முழுக்கக் கருவாட்டு வாசம். பேச்சி ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஒங்க வீட்ல சாப்பிடுவாவளா சார்?" என்று கேட்டார். சாப்பிடுவோம் என்றேன். பாதியைப் பொட்டலமாகக் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.