நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கிய கோடு

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கீரைக்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அஞ்சலையின் போன் வந்தது. "மேடம், கொளஞ்சி போயிடிச்சிங்க. காலையில காப்பி குடிச்சிகினே இருந்துச்சி, அப்படியே சாஞ்சிடிச்சி." பை கையிலிருந்து நழுவியதைக் கடைக்காரர் சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

கொளஞ்சியம்மாள், அஞ்சலை, இன்னும் இரண்டு பெண்கள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள். சுரங்க மண்மேட்டுத் தைலமரத் தோப்பில் பல ஆண்டுகள் என்னோடு மரம் அளந்தார்கள். கொளஞ்சியம்மாளோடு அந்தச் சரிவில் நின்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மரத்தை வெட்டாமலே அதன் எடையைச் சொல்வது எங்கள் வேலை. ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சுயரத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். ஆண்டுதோறும் அதன்மேல் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுப்போம். அதையும் உயரத்தையும் சூத்திரத்தில் போட்டால், தண்டு முதல் இலை வரை மொத்த எடை எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடலாம். கொளஞ்சியம்மாள் மர எண்ணையும் அளவையும் உரக்கச் சொல்வார். நான் திருப்பிச் சொல்லி எழுதுவேன். எங்கள் இரண்டு குரல்களைத் தவிர அங்கே வேறு சத்தம் கிடையாது. குருவி கூடு கட்டி நான் பார்த்ததில்லை. காலடியில் கிடப்பது பூமியின் அடியாழத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண். "அடியில கெடந்தது மேல வந்து கெடக்குது. எது மேல, எது கீழன்னு இந்த மண்ணுக்கே இன்னும் தெரியலீங்க" என்பார், சிரிக்காமல்.

சூத்திரம் சரிதானா என்று பார்க்க ஒருமுறை சில மரங்களை வெட்டினோம். இலை தனி, கிளை தனி, தண்டு தனி என்று தராசில் தொங்கவிட்டு எடை போட்டோம். கணக்கு ஏறக்குறைய ஒத்துவந்தது. எனக்கு மகிழ்ச்சி. அவர் குவியல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் கூட்டிட்டீங்க. எட வந்துடிச்சி. மரம் வரலீங்களே மேடம்?" நான் சிரித்துவிட்டேன்.

பிறகு வந்தது அந்த மழைக்காலம். மழை ஓய்ந்த ஒரு முற்பகலில் மேட்டின் அடிவாரத்தில் அளந்துகொண்டிருந்தோம். கொளஞ்சியம்மாள் எண்ணைச் சொன்னார், அளவு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். டேப்பைப் பிடித்தபடி குனிந்து நின்றார்.

"கோடு எறங்கிகினு இருக்கு மேடம். போன வருசம் நெஞ்சுக்கு நேரா இருந்துச்சி. இப்ப இடுப்புல நிக்குது."

யாராவது புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்றேன். பக்கத்து மரத்திலும் கோடு இடுப்பில்தான். அதற்கடுத்த மரத்திலும். அந்த வரிசை முழுவதுமே அப்படித்தான். நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றினால், போன ஆண்டைவிடச் சுற்றளவு குறைந்திருந்தது. ஒரே ஆண்டில் மரங்களெல்லாம் இளைத்துவிட்டதைப் போல.

"மரம் எளைக்கலீங்க. மண்ணு ஏறுது. மேல இருந்து வந்துகினே இருக்கு. வாங்க, போயிடலாம்."

"இன்னும் ரெண்டு வரிசைதான் கொளஞ்சிம்மா. முடிச்சிட்டே போயிடுவோம்."

காற்று துளியும் இல்லை. ஆனால் சரிவின் மேலே ஒரே ஒரு வரிசையின் உச்சிகள் மட்டும் அசைந்தன. "அஞ்சலை! எல்லாம் வெளிய வாங்கடி!" என்று கத்தினார் கொளஞ்சியம்மாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் நோட்டு விழுந்தது; எடுக்க விடவில்லை.

பாதைக்கு வந்து திரும்பினோம். மரங்கள் நடந்தன. ஒன்றும் விழவில்லை. பாதித் தோப்பு, நின்ற நிலையிலேயே, வரிசை கலையாமல், நாங்கள் இருந்த இடத்துக்கு இறங்கி வந்தது. வேர்கள் அறுபடும் மெல்லிய நறநறப்பு மட்டும் கேட்டது. அடிவார வரிசைகள் கிளை வரை மண்ணுக்குள் போயின. நான் முடித்துவிடலாம் என்ற இரண்டு வரிசைகளும் அவற்றில் இருந்தன. கொளஞ்சியம்மாள் எங்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். ஐந்து. திரும்பவும் எண்ணினார்.

சில வாரங்கள் கழித்து, மண் உறுதியாகிவிட்டது என்று சுரங்கத்தில் சொன்ன பிறகு போனோம். புதைந்த மரங்களின் உச்சிகள் புதர்களைப் போல் தரையில் நின்றன. அவற்றில் புதுத்துளிர். அவர் ஓர் உச்சியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் வளந்துகினு இருக்கு. இதுக்கு என்னா எழுதுவீங்க?" நெஞ்சுயரம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. புது நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஆனால் மண்சரிவு பற்றிய அறிக்கையை நிரப்பினேன். 'அளவைக் குழு உரிய நேரத்தில் வெளியேறியது.' அதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"நீங்க இருக்கலாம்னு சொன்னத எழுதுனீங்களா?"

"இல்ல."

"நான் பயந்தத?"

"அதுவும் இல்ல."

"அப்ப யாருதான் வெளிய ஓடியாந்தது?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பயம். இப்போதும் எந்தத் தோப்புக்குள் போனாலும், டேப்பை எடுப்பதற்கு முன், நான் நிற்கும் இடம் நிற்கிறதா என்று சற்று நேரம் பார்க்கிறேன். எதற்காக நிற்கிறேன் என்று உடன் வருபவர்கள் கேட்பார்கள். இதுவரை ஏதேதோ சொல்லிவந்தேன். இனி அவர் பெயரைச் சொல்வேன்.