சலவைக்கடை கைமாறிய கதை

அந்தச் சலவைக்கடையில் துணி தேய்ப்பவளை எல்லாரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலர் அழுக்கைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாள் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வதுண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை. மனைவியை இழந்த முதலாளி ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "எனக்கு முடியலம்மா. மக வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். கடைய நீயே எடுத்துக்கயேன்," என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விலை பேசி முடிந்தது. கடையின் வரிப் பதிவில் பெயர் மாற்றுவது எப்படி என்று கேட்க வரி அலுவலகத்துக்குப் போனாள்.

"மெஷின், கடைப்பேரு, வாடிக்கை எல்லாம் சேர்த்துத்தானே வாங்குறீங்க?" என்று கேட்டாள் அங்கிருந்த அதிகாரி. "அப்போ அவர் கட்டாம விட்ட வரி ஏதாவது இருந்தா, அதுவும் உங்க தலையில வந்து விழும். பாக்கி இல்லைன்னு இங்க சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லுங்க. அதுவரைக்கும் பணத்தக் குடுத்துடாதீங்க. அவரோட வரி எண்ணும் உங்களுக்கு ஆகாது. புதுசாப் பதியணும்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் புலம்பினாள். "அவர்கிட்டப் போய் எப்படிங்க இதக் கேக்குறது?"

பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்தவன், "கேக்கலேன்னா நாளைக்கு நாமதான் முழிக்கணும்," என்றான்.

மறுநாள் அவளும் முதலாளியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டாள். அவர் கையிலிருந்த முனையை விட்டுவிட்டார். போர்வை ஈரத்தரையில் விழுந்தது.

"என்னையே சந்தேகப்படுறியா?"

"சந்தேகமில்ல முதலாளி. ஆனா அது இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்." போர்வையை எடுத்து மறுபடி மெஷினில் போட்டாள்.

அதன்பிறகு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறொருவர் கடையைக் கேட்பதாக மட்டும் சொன்னார். அவள் அழுதாள், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஒரு காலை அவரே அவள் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "வேற ஆளெல்லாம் யாரும் இல்லம்மா. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, கட்டவேண்டிய வரிய எடுத்து வைத்தியத்துக்குப் போட்டுட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. "அத என் தலையில கட்டப் பாத்தீங்களே, முதலாளி?"

அவர் தலை குனிந்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கஞ்சி கொண்டுபோனவள் அவள்தான். இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். "எழுந்திரிங்க, போலாம்."

அதே அதிகாரிதான் இருந்தாள். தானாக வந்து சொன்னதால் அபராதத்தைக் குறைக்க வழியிருக்கிறது என்றாள். கடையின் விலையிலிருந்து பாக்கியை நேராக அலுவலகத்துக்கே கட்டி, மீதியை முதலாளிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் அவர் நெடுநாள் சுமையை இறக்கி வைத்தவர்போல மூச்சுவிட்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

சான்றிதழ் வந்தபிறகே அவள் கையெழுத்திட்டாள். தன் பெயரில் புது வரி எண் வாங்கினாள். வாடிக்கையாளரிடம் வாங்கும் வரியை வங்கியில் தனிக் கணக்கில் போட்டாள். அவசரத்துக்கு அதில் கை வைக்கலாமா என்று கணவன் கேட்டபோது, "அது நம்ம காசு இல்லீங்க," என்று அதோடு பேச்சை முடித்தாள்.

மகள் வீட்டிலிருந்து முதலாளி போன் செய்வதுண்டு. "அந்தப் பெரிய மெஷின் இன்னும் சத்தம் போடுதா?"

"போடுது முதலாளி," என்று சிரிப்பாள். "நல்லாவும் ஓடுது."