அத்தானின் ஆறு சிலிண்டர்

என் அக்கா வீட்டுக்காரர் பல் செட் செய்பவர். பல் டாக்டர் இல்லை. அப்படிச் சொன்னால் கோபம் வரும் அவருக்கு. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் அச்சு மாவைக் கரைத்து ஊற்றி, வரிசை பார்த்துப் பற்களை அடுக்கி, யாரோ ஒருவர் மறுபடியும் ஆப்பிளைக் கடித்துத் தின்னும்படி செய்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் சிரிக்கும்போது வெளியே தெரிவது அத்தானின் கைவேலைதான். அவர் மட்டும் லேசில் சிரிக்க மாட்டார். பேச்சு அதைவிடக் கம்மி.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அக்கா தங்கை நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோமே. அக்கா வீட்டில் பேசுவாள். நான் பள்ளிக்கூட மைதானத்தில் கத்துவேன், விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் மாட்டாமல் வாசலைத் தாண்டினால் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

அத்தானிடம் ஒரு பழைய கார் உண்டு. ஆறு சிலிண்டர், நீள மூக்கு, கட்டில் மாதிரி பின்சீட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஓடாது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு வருஷக்கணக்காக நின்றது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் மனுஷன் நேரே அங்கேதான் போவார். அக்கா ஜன்னல் வழியாக அந்த ஷெட்டைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, சக்களத்தியைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

இப்படி இருக்கும்போது அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வந்து, காலைக் கொஞ்ச நாளைக்கு மடக்கவே கூடாது, வீட்டுக்குப் போகும்போதும் நீட்டியபடியேதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்ஸியில் முன்சீட்டைத் தள்ளிப்போட்டால் சரியாகிவிடும் என்றேன் நான்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அத்தான் தொண்டையைக் கனைத்தார். "நம்ம வண்டியில பின்சீட்டு அகலம். முழுசா நீட்டிக்கலாம்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீட்டிக்கலாம். வண்டி ஓடணுமே? ஷெட்டுல போய்ப் படுத்துக்கவா?"

நான் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஓர் அம்மாவும் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. "நீ டிஸ்சார்ஜ் ஆகற அன்னிக்கு வண்டி வாசல்ல நிக்கும்" என்றார். அக்கா பதிலுக்கு, "அதை நம்பி நான் உக்காந்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். அத்தான் வாயிலிருந்து வாக்கு என்று ஒன்று வந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்டேன். முகம் செத்துப்போய் வெளியே போனார். பாவமாக இருந்தது.

வண்டியின் வியாதி கார்புரேட்டரில்தான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. பழசு தேய்ந்து, விரிசல் விட்டு, எந்த மருந்துக்கும் அடங்காமல் போயிருந்தது. அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும் என்று அத்தான் காத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காத்திருப்பதை விட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போய், ஏதோ ஒரு சரக்கு வேனில் இருந்த கார்புரேட்டரைக் கழற்றி வந்தார். வேறு கம்பெனி, வேறு அளவு, வேறு ஜாடை.

"இது இதுல எப்படி உக்காரும் அத்தான்?" என்று கேட்டேன்.

"கடைவாய்ப் பல்லு உக்காரலையா? அப்படித்தான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அவர் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்கப் புரிந்தது. இரண்டுக்கும் நடுவில் வைக்க ஓர் அலுமினியத் தகடு வெட்டினார். கீழ்ப்பக்கம் இன்ஜினுக்குப் பொருந்தும், மேல்பக்கம் வேன்காரனின் கார்புரேட்டருக்குப் பொருந்தும். தகடு சமமாக உட்காரவில்லை என்றால் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடுமாம். பல் டாக்டர் கடிக்கச் சொல்லித் தருவாரே ஒரு நீலத் தாள், அதை நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். நீலம் பட்ட மேட்டை அரத்தால் தேய்த்தார், மறுபடி அழுத்தினார், மறுபடி தேய்த்தார். வேன் இன்ஜினுக்கு நாலு சிலிண்டர்தான். அதற்கு அளந்த பெட்ரோல் துளை ஆறுக்குப் பத்தாது என்று, பல்லில் பள்ளம் தோண்டும் ஊசிமுனையால் அதை மயிரிழை மயிரிழையாகப் பெரிதாக்கினார். நான் சோறு கொண்டுபோய் வைத்தால் அது ஆறிக் கிடக்கும்.

"அக்கா மேல இவ்வளவு அக்கறையை வாயைத் திறந்து சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்றேன் எரிச்சலோடு.

"அந்த ஸ்பானரை எடு" என்றார்.

வண்டி கிளம்பிவிட்டது! ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினோம். வெண்ணெய் மாதிரி ஓடியது. அத்தான் சிரித்தார். அவருக்குச் சொந்தப் பல் இத்தனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று மத்தியானம், பின்சீட்டில் இரண்டு தலையணை போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் வருகிற இடத்தை மேட்டில் கொண்டுபோய்க் கட்டிய புண்ணியவான் யாரோ, என் கையில் கிடைத்தால் அவரை அந்த மேட்டிலேயே பத்துத் தடவை ஓடவிடுவேன். பாதி ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அத்தான் சாவியைத் திருப்பினார். கிர்கிர்ரென்று முனகியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பின்னாலேயே சமதரைக்கு இறக்கினார். அங்கே சாவியைத் தொட்டதும் சமத்தாகக் கிளம்பியது. மறுபடி ஏறினோம். அதே இடம், அதே இருமல்.

"சண்டி மாடு!" என்று டாஷ்போர்டில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

"அதை அடிக்காத" என்றார் அத்தான். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அப்போதுதான் போன் வந்தது. அக்கா. நாங்கள் வர நேரமானதால் நர்ஸ் ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டிருக்கிறார். முன்சீட்டைத் தள்ளியும் பார்த்தார்கள், பின்சீட்டில் குறுக்கே உட்காரவைத்தும் பார்த்தார்கள். கால் உள்ளே போகவில்லை. வலி தாங்க முடியாமல் திரும்பவும் தள்ளுநாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"டாக்ஸியைத் திருப்பி அனுப்பிட்டேன்டி. கட்டிலையும் வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. வாசல்ல எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க. நான் வீட்டுக்குப் போகணும்" என்றவளின் குரல் உடைந்தது. என் அக்கா அழுது நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அழ வைப்பதுதான் அவள் வேலை.

போனிலிருந்து அவள் குரல் அத்தானுக்கும் கேட்டிருக்கும். இறங்கிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று பானட்டைத் தூக்கினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நடுரோட்டில் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது!"

"எது அத்தான்?"

"கார்புரேட்டர். திருப்பி மாட்டித் தொலைச்சிருக்கேன்."

நடந்தது இதுதான். பல் செட்டை அத்தான் எப்போதும் அதன் முகம் தன்னைப் பார்க்கும்படி வைத்துத்தான் வேலை செய்வார். காலமெல்லாம் அப்படிச் செய்து பழகிய கை. ஷெட்டில் வண்டியின் மூக்கோ சுவரோடு ஒட்டியிருந்தது. இவர் முன்கண்ணாடி ஓரமாக நின்றுதான் குனிய முடிந்தது. பழக்க தோஷத்தில் கார்புரேட்டரின் முகத்தையும் தன் பக்கமாகவே திருப்பி வைத்து, பெட்ரோல் குழாயையும் அதற்குத் தக்கபடி வெட்டிவிட்டார். அதன் முகம் என்பது பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம். அது வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டியது. இப்போது பின்பக்கம் பார்த்ததால், ஏற்றத்தில் மூக்கு தூக்கியதும் கிண்ணம் தாழ்ந்துபோய், பெட்ரோல் துளைக்கு எட்டாமல் போய்விடுகிறது. சாய்த்த தட்டில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிவிடுவது மாதிரிதான்.

"இப்பவே திருப்பி மாட்டுங்களேன்!"

"குழாய் எட்டாது." அத்தான் மேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி மேட்டைப் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "கிண்ணம் பின்னாடி இருக்கு. அப்ப, பின்பக்கம் மேல இருந்தா?"

நான் வாயைப் பிளந்தேன். "ரிவர்ஸ்லயா? இந்த மேட்டுலயா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"விசில் கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டார் அத்தான்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! கீழே இறங்கி வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை மேட்டுக்குக் காட்டி, அத்தான் ரிவர்ஸ் கியரைப் போட்டார். நான் ரோட்டில் விசிலை ஊதிக்கொண்டே முன்னால் ஓடினேன். எதிரே வந்த பஸ் ஒதுங்கியது, ஒரு ஸ்கூட்டர்காரர் நடைபாதையில் ஏறிவிட்டார், ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னம்மா, ஊர்வலமா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. வண்டி கருப்பாகப் புகை கக்கியது, ஆனால் ஒரு தடவைகூட இருமவில்லை. கழுத்தைப் பின்னால் முறுக்கி உட்கார்ந்திருந்த அத்தானை அது கம்பீரமாக மேலே ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரி வாசலில், தள்ளுநாற்காலிக்கு நேர் எதிரே பின்கதவு வந்து நின்றது. அக்காவின் கண் சிவந்திருந்தது. வண்டியின் முதுகையும், மூச்சிரைக்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படி வந்தீங்க?"

அத்தான் ஏதாவது சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "கார்புரேட்டரைத் தப்பா மாட்டிட்டேன். முன்னாடி ஏற மாட்டேங்குது. உன்னைக் காக்க வெச்சுட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. வலிதான் என்று நர்ஸ் பதறிப் போனார். வலியில்லை, சிரிப்பு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சிரித்த முதல் சிரிப்பு. காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதே, சிரிக்க வைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தானும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பின்சீட்டில் ஏற்றினோம். கால் முழுசாக நீண்டது. தலையணையில் சாய்ந்து, அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இறக்கத்தில் வண்டி சமத்தாக இறங்கியது. வீட்டு ஷெட்டில் நிறுத்தி, அக்காவை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து, காலுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்தோம். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அக்கா.

"அதைக் கழட்டி ஒழுங்கா மாட்டிடறேன். குழாயும் புதுசா வெட்டணும்."

"என் கால் சரியாகட்டும், அப்புறம் மாட்டுங்க. அதுவரைக்கும் சாயங்காலம் இங்கயே உக்காருங்க."

அத்தான் திகைத்துப்போய் நின்றார். "இங்க உக்காந்தா நீ திட்டுவியே?"

"பின்ன?" என்று அக்கா கட்டிலில் தள்ளிப் படுத்து, ஓரமாக அவருக்கு இடம் விட்டாள். "இத்தனை வருஷமா ஜன்னலைப் பாத்தே திட்டிக்கிட்டு இருந்தேன்ல? பக்கத்துல வந்து உக்காருங்க, நேரா திட்டறேன்."